ஆரஞ்சு அலர்ட்னா வெயில், மஞ்சள்னா அடைமழை: எதை நம்பி வேலையைத் தொடங்குறது?

பிரிவு: ஊர் நடப்பு › வானிலை

தளம்போடுறவன் | சேலையூர் | திங்கள், இரவு 9.12

வணக்கம் மக்களே. நான் சின்ன அளவுல வீடு கட்டிக் கொடுக்கிற ஆளு. தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம்தான் வேலை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிட்டா எனக்குத் தளம் போட நாள் குறிக்கிறதே பெரிய தலைவலி. சென்டரிங் அடிச்சு, கம்பி கட்டி, கரண்ட் பைப் ஓட்டி எல்லாம் தயாரா இருக்கும். ரெடிமிக்ஸ் வண்டிக்கும் முதல் நாளே சொல்லணும், ஆளுங்களுக்கும் முதல் நாளே சொல்லணும். கான்கிரீட் போட்ட முதல் சில மணி நேரத்துல நல்ல மழை அடிச்சா மேலாப்புல இருக்கிற சிமென்ட் பால் மொத்தமும் கழுவிட்டுப் போயிடும். அப்புறம் ஜல்லி பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கும்.

போன மாசம் ஆரஞ்சுன்னாங்க, வேலையைத் தள்ளி வச்சேன். அன்னைக்கு வெயில் மண்டையைப் பிளந்துச்சு. நம்பி வந்த ஆளுங்களுக்கு அரைக் கூலி கொடுத்து அனுப்பினேன். அதுக்கப்புறம் ஒரு நாள் வெறும் மஞ்சள்தான், சரின்னு போட்டுட்டேன். மத்தியானத்துக்கு மேல பிடிச்சது பாருங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல விடவே இல்ல. தார்ப்பாய் நடுவுல குளம் கட்டிக் கிழிஞ்சுது. வீட்டுக்காரர் முகத்துல முழிக்க முடியல.

இந்த வியாழக்கிழமை இன்னொரு தளம் இருக்கு, ஆயிரம் சதுர அடி. உங்க ஊர்ல அலர்ட்டும் மழையும் ஒத்துப் போகுதா? இல்ல எங்களுக்கு மட்டும்தான் இப்படியா?


வேளச்சேரி டைம்ஸ் | திங்கள், இரவு 9.31

அண்ணே, நீங்க ஒரு தளத்துக்குப் புலம்புறீங்க. 2024 அக்டோபர் 16-ஐ மறந்துட்டீங்களா? சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நாலுக்கும் ரெட். எங்க ஏரியா காரெல்லாம் மேம்பாலத்து மேல வரிசை கட்டி நின்னுச்சு. பால் பாக்கெட், பிரட், மெழுகுவர்த்தி எதுவும் கடையில இல்ல. லீவு வேற. கடைசியில பெருசா ஒண்ணுமே பெய்யல. மூணாவது நாள் அவனவன் பாலத்துல ஏறி அசடு வழிஞ்சுக்கிட்டே வண்டியை எடுத்துட்டு வந்தான்.

அதுக்கு முந்தி 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து வண்டி மூழ்கினவனுக்குத்தான் அந்தப் பயம் புரியும். அதனால காரைக் கொண்டு போய் நிறுத்தினவங்களை நான் சிரிக்கமாட்டேன். ஆனா அலர்ட்டைப் பார்த்துச் சிரிப்பேன்.


மேகராடார் | குரோம்பேட்டை | திங்கள், இரவு 10.05

//கடைசியில பெருசா ஒண்ணுமே பெய்யல//

இங்கதான் கொஞ்சம் நில்லுங்க. 16-ஆம் தேதி பெய்யல, சரி. 15-ஆம் தேதி? அன்னைக்குக் காலையில இருந்து மறுநாள் காலை 8.30 வரைக்கும் சோழவரத்துல 30 செ.மீ. வட சென்னை, ஆவடி, செங்குன்றம் பக்கம் இருக்கிறவங்ககிட்ட "மழையே இல்லையாமே"ன்னு கேட்டுப் பாருங்க, என்ன சொல்றாங்கன்னு. அந்தக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே நகர்ந்து 17 அதிகாலையில கரையைக் கடந்துச்சு. மழை ஒரு நாள் முன்னாடி, கொஞ்சம் வடக்கே கொட்டிட்டுப் போயிடுச்சு. வங்கக்கடல் முழுசையும் வச்சுப் பார்த்தா அது ரொம்பச் சின்ன விலகல். வேளச்சேரியில நிக்கிறவருக்கு அது பொய்.

தளம் போடுற அண்ணனுக்கு: முதல்ல இந்தக் கணக்கைத் தெரிஞ்சுக்கோங்க. இந்திய வானிலை ஆய்வுத் துறை மழையைப் பிரிக்கிறது 24 மணி நேரத்துக்கான மொத்த அளவை வச்சுத்தான். 15.6-ல இருந்து 64.4 மி.மீ. வரைக்கும் மிதமான மழை. 64.5-ல இருந்து 115.5 வரை கனமழை. 204.4 வரை மிக கனமழை. அதுக்கு மேல அதி கனமழை.

இப்ப யோசிங்க. உங்க தளத்து மேல ஒரே மணி நேரத்துல 6 செ.மீ. கொட்டிட்டு வானம் வெளுத்துடுச்சுன்னா, ஏட்டுல அது "மிதமான மழை". ராத்திரி பூரா சிணுங்கிக்கிட்டே 7 செ.மீ. பெய்ஞ்சா "கனமழை". உங்க சிமென்ட்டைக் கழுவினது முதல் வகை. அதுக்கு மஞ்சள் கூட வரணும்னு கட்டாயம் இல்ல.


தளம்போடுறவன் | திங்கள், இரவு 10.20

இது எனக்கு யாருமே சொல்லலையே! ஒரு மணி நேரத்துல 6 செ.மீ. மிதமா? அப்போ அன்னைக்கு எனக்கு விழுந்தது எவ்வளவு இருக்கும்?


மேகராடார் | திங்கள், இரவு 10.34

அளந்தாத்தான் தெரியும். கணக்கு சுலபம், 1 மி.மீ. மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணி. உங்க ஆயிரம் சதுர அடித் தளத்துல 1 செ.மீ. விழுந்தா கிட்டத்தட்ட 930 லிட்டர். 7 செ.மீ.ன்னா 6,500 லிட்டர், அரை டேங்கர் லாரிக்கு மேல. தார்ப்பாய் கிழியாம என்ன பண்ணும்?


பொள்ளாச்சி ரோடு | கோவை | செவ்வாய், காலை 7.02

ஏனுங்க, எங்க கதையைக் கேளுங்க. ஜூன், ஜூலை வந்துட்டா "கோவை மாவட்டத்துக்கு ஆரஞ்சு"ன்னு டி.வி.யில ஓடும். சென்னையில இருக்கிற சொந்தக்காரங்க எல்லாம் போன் போட்டு "ஜாக்கிரதையா இருங்க"ம்பாங்க. இங்க உக்கடத்துல நின்னு பார்த்தா காத்து மட்டும் அடிச்சுக்கிட்டு இருக்கும், சட்டை நனையாத சாரல். அந்த ஆரஞ்சு எல்லாம் வால்பாறைக்குங்க. சின்னக்கல்லாறு, சோலையாறு பக்கம் நெசமாவே வெளுத்து வாங்கும். அலர்ட் தப்பில்லீங்க, ஆனா கோயமுத்தூர் டவுனுக்கும் சின்னக்கல்லாறுக்கும் ஒரே நெறம் பூசினா என்னங்க அர்த்தம்?

கலெக்டர் பார்த்தீங்கன்னா "வால்பாறை தாலுகாவுக்கு மட்டும் விடுமுறை"ன்னு தெளிவா அறிவிக்கிறாருங்க. லீவுக்குத் தாலுகா பிரிக்கத் தெரியுது, எச்சரிக்கைக்குப் பிரிக்க முடியாதுங்களா?


மேகராடார் | செவ்வாய், காலை 7.40

கோவைக்காரர் கேட்டது சரியான கேள்வி. அறிக்கையை முழுசாப் படிச்சா "கோவை மாவட்ட மலைப்பகுதிகள்"னு இருக்கும் பல நாள். டி.வி. டிக்கர்ல வர்றப்போ "மலைப்பகுதிகள்" உதிர்ந்துடும், மாவட்டம் மட்டும் நிக்கும்.

நீலகிரி இன்னும் மோசம். 2019 ஆகஸ்ட் 8 அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 செ.மீ. அதே மாவட்டம்தான் கோத்தகிரியும் குன்னூரும், அங்க அதுக்குக் கிட்டவே வரல. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுல மோதிக் கொட்டிட்டு, மலைக்கு இந்தப் பக்கம் வர்றப்போ காலியாயிடும். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம். கூடலூர்ல பஸ் ஏறி கோத்தகிரியில இறங்கினா பருவமே மாறிடும்.

அறிக்கையில வர்ற "ஓரிரு இடங்களில்"ங்கிறதும் சும்மா பேச்சுக்கு எழுதுறது இல்ல. அந்தப் பகுதியில இருக்கிற மழைமானிகள்ல கால்வாசிக்குள்ளன்னு கணக்கு. அதாவது முக்கால்வாசி இடத்துல அந்தக் கனமழை விழாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. விழாத முக்கால்வாசியில இருக்கிறவங்கதான் மறுநாள் மீம் போடுறாங்க.


மாடவீதி | மயிலாப்பூர் | செவ்வாய், காலை 9.15

ரொம்ப நேரமா ஆய்வு மையத்துக்கு வக்காலத்து வாங்குறீங்களே, 2021 டிசம்பர் 30-க்கு என்ன சொல்வீங்க? அது தப்பான இடத்துல விழுந்த மழை இல்ல, அலர்ட்டே இல்லாம விழுந்த மழை. மத்தியானம் பிடிச்சுது. எங்க பக்கம் 20 செ.மீ.க்கு மேல. ரெட் வந்தப்போ சாயங்காலம், நாங்க அதுக்குள்ள முட்டிக்கால் தண்ணியில. சுரங்கப்பாதை எல்லாம் மூடி, ஆபீஸ்ல இருந்து கிளம்பினவங்க நடுராத்திரி வீடு சேர்ந்தாங்க. மூணு பேர் மின்சாரம் பாய்ஞ்சு செத்தாங்க. முதலமைச்சரே ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினாரு, சரியான நேரத்துல ரெட் அலர்ட் கொடுக்க முடியலைன்னு.

2025 ஆகஸ்ட் கடைசியில மணலியில ராத்திரியோட ராத்திரியா 27 செ.மீ. தூங்கி எழுந்தவங்களுக்குத்தான் தெரிஞ்சுது.

"வரும்"னு சொல்லி வராததை நான் மன்னிப்பேன். நாலு பிரட் பாக்கெட்தான் நட்டம். சொல்லாம வந்ததை எப்படி மன்னிக்கிறது?


மேகராடார் | செவ்வாய், காலை 10.10

2021 டிசம்பர் 30-க்கு வக்காலத்து இல்ல. அது தவறவிட்ட மழை, அவ்வளவுதான்.

ஏன் தவறுதுன்னு மட்டும் சொல்றேன். புயல், தாழ்வு மண்டலம் எல்லாம் பெரிய உருப்படி. நாலஞ்சு நாள் முன்னாடியே கணினி மாதிரிகள்ல தெரிஞ்சுடும். ஆனா ஒரு ஊர் மேல மட்டும் எழும்பி, அங்கேயே நின்னு கொட்டுற இடிமேகம் பத்து, பதினைஞ்சு கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். கணினி மாதிரி ஊரைக் கட்டம் கட்டமாப் பிரிச்சுத்தான் கணக்குப் போடும். பல காலமா இங்க ஓடின உலகளாவிய மாதிரியோட கட்டம் 12 கி.மீ. தாம்பரமும் வேளச்சேரியும் கிட்டத்தட்ட ஒரே கட்டத்துல அடங்கிடும். 2025 மே மாசம் வந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்புல அதை 6 கி.மீ.க்குக் குறைச்சிருக்காங்க. அதுக்கும் தெருமுனை தெரியாது.

அதனால அந்த வகை மழைக்கு முதல் நாள் நிறத்தை நம்பிப் பிரயோஜனம் இல்ல. மழை மேகம் இப்ப எங்க இருக்குன்னு காட்டுற ராடார்தான். துறைமுகத்துல ஒண்ணு 2002-ல இருந்து ஓடுது, பள்ளிக்கரணையில ஒண்ணு 2022-ல வந்துச்சு.


வேளச்சேரி டைம்ஸ் | செவ்வாய், காலை 10.22

"அடுத்த 3 மணி நேரத்தில்"னு மெசேஜ் வர்றப்போ நான் ஏற்கெனவே நனைஞ்சு முடிச்சுத் தலை துவட்டிக்கிட்டு இருப்பேன்.


ஏரல் அண்ணாச்சி | செவ்வாய், காலை 11.48

சென்னைக்காரங்க பேசி முடிச்சாச்சுன்னா நாங்களும் ரெண்டு வார்த்தை பேசிக்கிடுதோம்.

2023 டிசம்பர் 17. சென்னை மிக்ஜாம்ல இருந்து எழும்பவே இல்ல, அதுக்குள்ள எங்களுக்கு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. திருச்செந்தூர் 69, ஸ்ரீவைகுண்டம் 62. எங்க மாவட்டத்துல ஒரு வருசம் பூரா பெய்யுத மழையை விடக் கூட. ஏரல் தனித்தீவு ஆயிட்டு. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னு, எண்ணூறு சனம் சோறு தண்ணியில்லாம கிடந்துது.

அதுக்கப்புறம் நடந்த சண்டைதான் வேடிக்கை. முன்னாலேயே சொன்னோம்னு டெல்லி, இவ்வளவுன்னு சொல்லலையேன்னு சென்னை. ரெண்டு பேரு பேச்சும் நெசந்தான் பாத்துக்கிடுங்க. மிக கனமழை, அதி கனமழைன்னு அறிக்கை வந்துச்சு. ஆனா 20.5 செ.மீ. பெய்ஞ்சாலும் அதி கனமழை, 95 செ.மீ. பெய்ஞ்சாலும் அதி கனமழை. ரெட்டுக்கு மேல நிறம் கிடையாதுல்லா? இருபது செ.மீ.ன்னா வீட்டுக்குள்ள தண்ணி வரும், பெஞ்சுல ஏறி உக்காந்துக்கிடலாம். தொண்ணூத்தஞ்சுன்னா மாடியில்லாத வீட்டுக்காரன் முந்தின நாளே ஊரை விட்டுப் போணும். ரெண்டுக்கும் ஒரே செய்தி வந்தா நாங்க எதைச் செய்ய?


கோட்டூர் விவசாயி | மன்னார்குடி | செவ்வாய், மதியம் 1.30

டெல்டாவுல இருந்து வர்றேன். அண்ணாச்சி சொன்னது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. எங்க பிரச்சினை வேற மாதிரி.

உங்களுக்கெல்லாம் 20 செ.மீ., 30 செ.மீ. வந்தாத்தான் செய்தி. எங்களுக்கு 2 செ.மீ. போதும். குறுவை அறுப்பு ஐப்பசியில வந்து மாட்டும். அறுவடை மெஷினுக்கு மணிக்கணக்குல வாடகை. நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசல்ல குவிச்சு வச்சிருப்போம். ஈரப்பதம் 17 சதம்தான் இருக்கணும்பாங்க, அதுக்கு மேல போனா சாக்குல பிடிக்க மாட்டாங்க. தளர்வு கேட்டு மனு கொடுத்து, மத்தியக் குழு வந்து, அப்புறம் 19, 22-ன்னு ஏத்துவாங்க. அதுக்குள்ள ரெண்டு தூத்தல் விழுந்தா ரோட்டுல காய்ஞ்ச நெல்லு மறுபடி நனைஞ்சு முளை விட்டுடும். இந்த ரெண்டு செ.மீ.க்கு எந்த நிறமும் வராது. பச்சைதான் இருக்கும்.

ராடார் பாருங்கன்னு சொல்றாரு தம்பி. மூணு மணி நேரம் முன்னாடி சொன்னா நான் நூறு மூட்டை நெல்லை எங்க கொண்டு போய் வைப்பேன்? எனக்கு வேண்டியது அஞ்சு நாள். செவ்வாய், வெள்ளி வர்ற வேளாண் வானிலை அறிக்கையைத்தான் பார்க்கிறேன். அதுல போட்டிருக்கிற மி.மீ. அப்படியே பெய்யுதான்னு கேட்டா இல்ல. ஆனா "அடுத்த நாலு நாளும் வறண்டிருக்கும்"னு சொன்னா அது பெரும்பாலும் சரியா இருக்கு. நான் மழைக்குப் பார்க்கிறதில்ல, மழை இல்லாத நாளுக்குப் பார்க்கிறேன்.


டீச்சரம்மா | திருவள்ளூர் | செவ்வாய், மாலை 4.50

லீவைப் பத்தி யாரும் பேசலையே. காலையில 6 மணிக்கு வாட்ஸ்அப்புல "விடுமுறையா மேடம்?"னு ஆரம்பிச்சா ஏழரை வரைக்கும் போன் சூடு ஆறாது. கலெக்டர் அறிவிப்பு வராம பசங்களை ஸ்கூலுக்கு வரவழைச்ச நாள்ல ஒன்பது மணிக்கு மழை பிடிக்கும், அரை நாள்ல திருப்பி அனுப்புவோம். பெத்தவங்க திட்டுவாங்க. அறிவிப்பு வந்த நாள்ல பசங்க தெருவுல கிரிக்கெட் ஆடுவாங்க, அதுக்கும் திட்டுவாங்க. சனிக்கிழமை ஈடுகட்ட ஸ்கூல் வச்சா அதுக்குத் தனியா ஒரு திட்டு.

டி.வி.யில மழை அறிவிப்பு சொல்ற வானிலை ஆய்வு மைய ரமணன் சார் காலத்துல எங்க பசங்களுக்கு அவர்தான் தெய்வம். அவர் 2016-ல ஓய்வு பெற்றப்போ எங்க ஒன்பதாவது 'பி' உண்மையிலேயே வருத்தப்பட்டுது.


பழைய தாலுகா ஆபீஸ் | செவ்வாய், இரவு 8.05

ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியன் நான். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒன்று இருக்கிறது, மழை எப்படி அளக்கப்படுகிறது என்பது.

தாலுகா அலுவலக வளாகத்தில் வேலி போட்ட ஒரு மூலையில் மழைமானி இருக்கும். மேலே புனல், அடியில் தண்ணீர் சேரும் குடுவை. காலை 8.30-க்குப் புனலை எடுத்துவிட்டு, குடுவைத் தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். நீர்மட்டத்தின் ஓரம் கண்ணாடியில் ஏறி நிற்கும், நடுப்பள்ளத்தைத்தான் படிக்க வேண்டும். ஏட்டில் எழுதி, கலெக்டர் ஆபீசுக்குப் போன். பெரிய மழையென்றால் குடுவை நிரம்பி வழியாமல் இடையிலேயே அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும். நடுராத்திரி குடை பிடித்துக்கொண்டு போய் அளந்தவர்கள் உண்டு. போகாமல் வீட்டிலிருந்தே குத்துமதிப்பாகச் சொன்னவர்களும் உண்டு. எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

இதில் இரண்டு சங்கதி. முதலாவது, 8.30 முதல் 8.30 வரை என்பதால் இன்று பகலில் கொட்டிய மழை நாளைய தேதியில்தான் ஏறும். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் கொட்டிய 49 செ.மீ. மறுநாள் காலைக் கணக்கில்தான் வந்தது. "நேற்று ரெட், நேற்று மழை பூஜ்யம்" என்று பலர் பட்டியல் போடுகிறார்கள், தேதியைப் பார்ப்பதில்லை. இரண்டாவது, மானிக்கு நாலு கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை அரசாங்கத்துக்குத் தெரியாது. இப்போது தானியங்கி மானிகளை நிறைய வைத்திருக்கிறார்கள், நல்லது. எங்கள் காலத்தில் மானியில் விழாத மழை பெய்யாத மழைதான்.

டீச்சரம்மாவுக்கு ஒரு வார்த்தை. கலெக்டர் காலை 5 மணிக்கு எழுந்து தாசில்தார்களுக்குப் போன் போட்டு "அங்கே எப்படி?" என்று கேட்டுத்தான் முடிவெடுக்கிறார். லீவு விட்டு வெயில் அடித்தால் கேலி. லீவு விடாமல் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் வேலைக்கே ஆபத்து. நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் எந்தப் பக்கம் சாய்வீர்கள்? வானிலை ஆய்வு மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே சாய்வு இருக்கிறது என்பது என் எண்ணம். 2021-க்குப் பிறகு அந்தச் சாய்வு அதிகமாகிவிட்டது.


மாடவீதி | செவ்வாய், இரவு 8.40

சாய்வு இருக்கட்டும் சார், சொல்லிட்டுச் சாயலாமே. "நாற்பது சதவீத வாய்ப்பு"ன்னு ஒரு எண் போட்டா என்ன குறைஞ்சுடும்? அந்த நிறமே மழை அளவு, நடக்க எவ்வளவு வாய்ப்பு, என்ன பாதிப்பு எல்லாத்தையும் சேர்த்துத்தான் முடிவு பண்றாங்கன்னு படிச்சேன். அப்போ அந்த வாய்ப்பு அவங்க கையில ஏற்கெனவே இருக்கு. எங்களுக்கு வெறும் ஆரஞ்சு மட்டும் வருது. அளவு பெருசு, வாய்ப்பு கம்மின்னாலும் ஆரஞ்சு. அளவு கம்மி, வாய்ப்பு நிச்சயம்னாலும் ஆரஞ்சு. காரை மேம்பாலத்துல ஏத்துறதுக்கும் குடை எடுத்துட்டுப் போறதுக்கும் வித்தியாசம் வேண்டாமா?


பொள்ளாச்சி ரோடு | செவ்வாய், இரவு 9.01

சதவீதம் போட்டாலும் நம்ம ஆளுங்க "நாப்பதுன்னா வராது"ன்னுதானுங்க எடுத்துக்குவாங்க. வந்துடுச்சுன்னா அதுக்கும் மீம்.


வேளச்சேரி டைம்ஸ் | செவ்வாய், இரவு 9.18

எனக்கு ஒண்ணு புரியல. தனி ஆளா வானிலை எழுதுற தமிழ்நாடு வெதர்மேன் மட்டும் எப்படி "அடுத்த ஒரு மணி நேரம் தாம்பரம், வேளச்சேரி பெல்ட்"னு சொல்றாரு? அவர்கிட்ட தனி சாட்டிலைட் இருக்கா?


மேகராடார் | செவ்வாய், இரவு 9.50

தனியா ஒண்ணும் இல்ல, அவர் போடுற ராடார் படம் பெரும்பாலும் ஆய்வு மையத்தோடதுதான். அவர் பல வருஷமா அதையே பார்த்துப் பழகினவர், நம்ம மொழியில ஏரியா பேர் சொல்லிச் சொல்றாரு. "ஏமாத்திடுச்சு, மேகம் கடலிலேயே செத்துப் போச்சு"ன்னு அவர் எழுதினா நாம லைக் போடுவோம். அரசாங்க அதிகாரி அதையே பிரஸ் மீட்டுல சொன்னா பதவி விலகச் சொல்வோம். கையெழுத்துப் போட்டு மாவட்டத்துக்கே எச்சரிக்கை விடுறவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆனாலும் மாடவீதி அக்கா சொன்னதும் அண்ணாச்சி சொன்னதும் நியாயம்தான். அளவு, வாய்ப்பு, தாலுகா மூணையும் பிரிச்சுச் சொல்லலாம். உள்ளே இருக்கிற தகவலை வெளியில விட்டாலே பாதிச் சண்டை தீரும்.

அப்புறம், மழைக்கும் வெள்ளத்துக்கும் ஒரே அலர்ட்னு நினைக்கிறோம் பாருங்க, அது தனிக் கோளாறு. 2024-ல ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையேறி அங்கேயே நின்னுடுச்சு. மயிலம், புதுச்சேரி பக்கம் 50 செ.மீ. ஒட்டி. அது எல்லாருக்கும் தெரியும். அடுத்த நாள் அதோட மிச்சம் உள்ளே போய் ஊத்தங்கரையில 50 செ.மீ. கொட்டுச்சு. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அது எப்பேர்ப்பட்ட அளவு! சாத்தனூர் அணையில ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல திறந்தாங்க. தென்பெண்ணை பொங்கி விழுப்புரம், கடலூர் பக்கம் ஊருக்குள்ள வந்தப்போ பல இடத்துல மழை விட்டிருந்துச்சு. அரசூர்ல நெடுஞ்சாலை மேலயே தண்ணி. அவங்களுக்கு வேண்டியது மழை அலர்ட் இல்ல, அணை அலர்ட்.

உங்க முடிச்சூர், வரதராஜபுரமும் அப்படித்தானே அண்ணே? ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கம் பெய்யுறது அடையாறு வழியா அங்க வந்து நிக்கும்.


தளம்போடுறவன் | செவ்வாய், இரவு 10.15

ஆமா, அங்க ஒரு சைட்ல மழை நின்ன மறுநாள்தான் பேஸ்மென்ட்ல தண்ணி ஏறுச்சு. வீட்டுக்காரர் "வெயில் அடிக்குது, எப்படிய்யா தண்ணி வரும்"னு சண்டைக்கே வந்துட்டாரு.

சரி, எல்லாம் படிச்சுட்டேன். வியாழனுக்கு என்ன பண்ண? இப்போதைக்கு மஞ்சள் போட்டிருக்காங்க. ரெடிமிக்ஸ்காரன் நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்ங்கிறான்.


மேகராடார் | செவ்வாய், இரவு 10.48

இந்தப் பருவத்துல கடலோரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கிழக்குக் காத்து கொண்டு வர்ற மேகம் ராத்திரியும் விடியக்காலையும்தான் கரையை ஒட்டி அதிகமாக் கொட்டும். நிலத்துல இருந்து வர்ற குளிர்ந்த காத்தோட மோதி அங்கேயே எழும்பும். பகல் ஏற ஏற மழை உள் மாவட்டங்களுக்கு நகரும். வெறும் கிழக்குக் காத்து மழைன்னா பத்து மணிக்கு மேல உங்களுக்கு இடைவெளி கிடைக்க வாய்ப்பு அதிகம். தாழ்வு மண்டலம் பக்கத்துல இருந்தா இந்தக் கணக்கு செல்லாது, அப்போ போடவே போடாதீங்க.

ஆகஸ்ட், செப்டம்பர்ல நேர் எதிர். அப்போ மேற்கே வேலூர், திருத்தணி பக்கம் மத்தியானம் எழும்பி, சாயங்காலம் ராத்திரியில சென்னைக்கு வரும். அந்த மாசத்துல காலையில ஆரம்பிச்சு மூணு மணிக்குள்ள முடிச்சுடணும்.

ரெடிமிக்ஸ்காரர்கிட்ட வியாழன் காலை 7 மணிக்கு உறுதி சொல்றேன், பத்தரைக்கு முதல் வண்டின்னு பேசிப் பாருங்க. ஆறு மணிக்கு நான் ராடார் பார்த்து இங்க போடுறேன். ராடார் படத்துல கடல் பக்கம் கிழக்கேயும் வடகிழக்கேயும் சிவப்பு, மஞ்சள் மழைத் திட்டு வரிசையா நின்னா வேண்டாம்.


கோட்டூர் விவசாயி | புதன், காலை 5.40

தம்பி, அப்படியே வியாழன் மன்னார்குடிக்கும் பார்த்துச் சொல்லு. மூட்டை இன்னும் வாசல்லதான் கிடக்கு.


தளம்போடுறவன் | புதன், மாலை 5.25

பேசிட்டேன். ரெடிமிக்ஸ்காரன் முணுமுணுத்தான், கேன்சல் பண்ணா ஒரு தொகை பிடிச்சுக்குவேன்னு சொல்லிட்டு ஒத்துக்கிட்டான். புதுத் தார்ப்பாய் ரெண்டு எடுத்தாச்சு, இந்தத் தடவை நடுவுல சவுக்குக் கம்பு நட்டு கூடாரம் மாதிரி தூக்கிக் கட்டப் போறோம்.


மேகராடார் | வியாழன், காலை 6.08

சென்னை: ராத்திரி கடலோரம் பெய்ஞ்சது இப்ப ஓய்ஞ்சுக்கிட்டு இருக்கு. கிழக்கே நூறு கிலோமீட்டருக்குத் திட்டு எதுவும் இல்ல. போடலாம். 2 மணிக்கு மறுபடி பார்க்கிறேன், அதுவரைக்கும் தார்ப்பாயைச் சுருட்டிப் பக்கத்துலயே வைங்க.

மன்னார்குடி: காரைக்கால் ராடார்ல நாகை பக்கம் மேகம் உள்ளே நகருது. ஐயா, மூட்டையை மூடுங்க.


கோட்டூர் விவசாயி | வியாழன், காலை 6.31

மூடியாச்சு.


தளம்போடுறவன் | வியாழன், இரவு 7.45

தளம் முடிஞ்சுது. மூணேகால் மணிக்கு ஒரு தூறல், பத்து நிமிஷம், தார்ப்பாய்க்குக் கீழ ஒண்ணும் இறங்கல. மாவட்டத்துக்கு இன்னைக்கு ஆரஞ்சாம், மத்தியானம்தான் மாத்தினாங்களாம், போன்ல இப்பத்தான் பார்த்தேன். மதுராந்தகம் பக்கம் நல்ல மழைன்னு சொல்றாங்க.

சின்ன மழைமானி ஒண்ணு வாங்கி சைட்ல வைக்கலாம்னு பார்க்கிறேன். எங்க கிடைக்கும், எங்க நடணும்?


பழைய தாலுகா ஆபீஸ் | வியாழன், இரவு 8.20

பாரிமுனையில் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வாய் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும். சுவர், மரம், சென்டரிங் முட்டு எதுவும் பக்கத்தில் கூடாது. அவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். ஆளுங்கள் அதில் பீடித்துண்டு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் ஆபீசில் அதுதான் பெரிய தொல்லை.